அடைகாத்தலை மையமிட்ட புறக்கடைக் கோழி வளர்ப்பு: வழக்குச் சொற்களும் தொழில்முறையும்

ஆய்வுச் சுருக்கம்

தமிழக ஊரக வாழ்வில் வீட்டுக்கோழி வளர்ப்பு பெரும்பாலும் பெண்களின் பொறுப்பில் நிகழும் சிறுதொழிலாகும். முட்டை சேர்த்தல், அடைவைத்தல், குஞ்சு பேணுதல், விற்றல் ஆகிய நான்கு நிலைகளைக் கொண்ட இத்தொழிலின் அச்சாணியாக நாட்டுக்கோழியின் அடைகாக்கும் இயல்பு அமைந்துள்ளது. முட்டை எண்ணிக்கையை மட்டுமே அளவுகோலாகக் கொண்ட நவீனக் கோழியியல் இவ்வியல்பைக் குறையாகக் கருதுகிறது. புறக்கடை வளர்ப்பிலோ அதுவே முதலீடாகவும் குஞ்சுபொரிப்பகமாகவும் விளங்குகிறது. இலக்கண, இலக்கியச் சான்றுகள், மக்கள் வழக்குச் சொற்கள், கால்நடை அறிவியல் விளக்கங்கள் ஆகியவற்றை இணைத்து இக்கருத்தை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச் சொற்கள்: நாட்டுக்கோழி, அடைகாத்தல், அவயம், அளகு, சிறுவிடை, பஞ்சாரம், புறக்கடைப் பொருளாதாரம்

முன்னுரை

இந்தியாவில் 2019ஆம் ஆண்டு நடைபெற்ற 20ஆவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டின் மொத்தக் கோழியினப் பறவைகளின் எண்ணிக்கை 85.18 கோடியாகும். அவற்றுள் ஏறத்தாழ 31.7 கோடி புறக்கடையில் வளர்க்கப்படுபவை. 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புடன் ஒப்பிடுகையில் பண்ணைக் கோழிகளின் எண்ணிக்கை ஐந்து விழுக்காட்டிற்கும் குறைவாகவே உயர்ந்திருக்க, புறக்கடைக் கோழிகள் சுமார் 46 விழுக்காடு பெருகியுள்ளன. கோழியினப் பறவைகளின் எண்ணிக்கையில் 12 கோடிக்கு மேல் கொண்டு தமிழ்நாடு முதலிடம் பெறுகிறது. நாமக்கல் வட்டாரத்தின் முட்டைப் பண்ணைகளும் கொங்குப் பகுதியின் கறிக்கோழிப் பண்ணைகளும் இவ்வெண்ணிக்கைக்குப் பெரும் காரணமாகும். எனினும் வீட்டின் பின்புறத்தில் ஐந்து, பத்து எனக் கோழி வளர்க்கும் மரபு இப்பண்ணைகளின் அருகிலேயே அழியாமல் தொடர்கிறது.

இம்மரபைப் பண்ணைத் தொழிலின் சிறு வடிவமாகக் கருதுவது வழக்கம். அக்கருத்து பொருந்துவதன்று. பண்ணையில் முட்டையிடும் கோழி வேறு, குஞ்சு பொரிக்கும் கருவி வேறு, குஞ்சைப் பேணும் அமைப்பு வேறு. புறக்கடையிலோ இம்மூன்றும் ஒரே உயிரியில் அடங்கியுள்ளன. இவ்வேறுபாட்டிலிருந்தே இத்தொழிலின் நுட்பங்களும் சொற்களும் வணிக முறையும் தோன்றுகின்றன.

1. இலக்கண, இலக்கியச் சான்றுகள்

வீட்டுக்கோழியின் மூதாதை செங்காட்டுக்கோழி என்பது அறிவியலாளர் ஏற்கும் கருத்து. 2020ஆம் ஆண்டு வெளிவந்த மரபணு ஆய்வு, தென்மேற்குச் சீனம், வடதாய்லாந்து, மியான்மர் ஆகிய பகுதிகளில் வாழும் செங்காட்டுக்கோழிச் சிற்றினத்திலிருந்து வீட்டுக்கோழி உருவானதாகக் காட்டியது. தென்னிந்தியாவுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. வீட்டுக்கோழிகள் பலவற்றில் காணப்படும் மஞ்சள் நிறத் தோலுக்குரிய மரபணு, தென்னிந்தியக் காடுகளில் வாழும் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து கலந்தது என்பதை 2008ஆம் ஆண்டு ஆய்வு நிறுவியது.

தமிழில் கோழி பற்றிய சொற்பாகுபாடு தொன்மையானது. தொல்காப்பிய மரபியல், பறவைகளின் இளமைப் பெயர்களாகப் பார்ப்பு, பிள்ளை என்பவற்றைக் கூறுகிறது. ஆண்பாற் பெயராகிய சேவல் பல பறவைகளுக்கும் பொதுவாக அமைய, அளகு என்னும் பெண்பாற் பெயரைக் கோழிக்கும் கூகைக்கும் உரியதாக அவ்வியல் கூறுகிறது. பெடை, பேடை என்னும் பொதுச்சொற்கள் இருக்கவும், கோழிக்கெனத் தனிப் பெண்பாற் பெயரொன்றை மொழி பேணியுள்ளமை கருதத்தக்கது. மனையில் நாளும் பயன்படும் பறவை பெட்டைக்கோழியே என்பது இதற்குக் காரணமாகலாம்.

பத்துப்பாட்டில் கோழி மனைப் பறவையாகவே பெரிதும் காட்சி தருகிறது. பெரும்பாணாற்றுப்படையில் மருதநிலத்து உழவர் தம் இல்லம் வரும் பாணர்க்கு வெண்ணெற் சோற்றுடன் மனையில் வளர்ந்த அளகின் பொரியலையும் அளிப்பர். அந்நூலே அந்தணர் மனைகளைக் குறிப்பிடுமிடத்துக் கோழியும் நாயும் அணுகாத இடம் என அடையாளப்படுத்துகிறது. கோழி இருக்கும் மனை, இல்லாத மனை என்னும் வேறுபாடு அக்காலத்திலேயே வாழ்க்கை முறையின் குறியீடாக இருந்ததை இதனால் அறியலாம். பட்டினப்பாலையில் காயவைத்த உணவைத் தின்ன வரும் கோழியை மகளிர் தம் காதணியை எறிந்து விரட்டுவதாக வரும் காட்சி நகரின் வளத்தைச் சொல்ல வந்ததாயினும், உணவு காயும் முற்றமும் காவல் இருக்கும் பெண்ணும் மேய வரும் கோழியும் அங்கு இணைந்தே நிற்கின்றனர். குறுந்தொகையின் 305ஆம் பாடலில், தூண்டுவாரும் விலக்குவாரும் இன்றித் தாமாகப் பொருது ஓயும் குப்பைக்கோழிகள் உவமையாகின்றன. அவ்வுவமையாலேயே அப்பாடலைப் பாடியவர் குப்பைக்கோழியார் எனப் பெயர் பெற்றார். உறையூருக்குக் கோழி என்னும் பெயர் உண்டு; யானையை எதிர்த்து வென்ற கோழி பற்றிய கதை அப்பெயர்க்குக் காரணமாகக் கூறப்படுகிறது.

இச்சான்றுகளில் சேவல் வீரத்திற்கும் பொழுதறிவித்தலுக்கும் உரியதாகவும், பெட்டை இல்லத்திற்கும் உணவிற்கும் உரியதாகவும் அமைகின்றன. இப்பகுப்பு இன்றைய ஊரக வழக்கிலும் தொடர்கிறது. சேவற்கட்டு ஆண்களின் களம். அடைவைத்தல் பெண்களின் களம்.

2. வகைகளும் பருவப் பெயர்களும்

தமிழக வளர்ப்போர் நாட்டுக்கோழியைப் பெருவிடை, சிறுவிடை என இரண்டாகப் பகுப்பர். பெருவிடை உயர்ந்த கால்களும் திரண்ட உடலும் கொண்டது. சண்டைச் சேவல் மரபைச் சார்ந்தது. அசில் இனத்துடன் தொடர்புடையது. சிறுவிடை சிற்றுடல் உடையது, மிகுதியாக முட்டையிடுவது, அடைகாப்பதிலும் குஞ்சு பேணுவதிலும் சிறந்தது. பெருவிடையின் முட்டைகளைச் சிறுவிடையின் அடியில் வைத்துப் பொரிக்கச் செய்தல் பரவலான வழக்கம். எடை மிகுந்த பெட்டை முட்டைகளையும் குஞ்சுகளையும் மிதித்துவிடக்கூடும் என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம். கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா என்னும் பழமொழி தாயன்பைப் பேசினாலும், கோழி வளர்ப்போர் எந்தக் கோழியின் காலடியில் குஞ்சை விடுவது என்பதைத் தேர்ந்தே முடிவு செய்கின்றனர்.

பருவப் பெயர்களும் தொழில் சார்ந்தே அமைந்துள்ளன. பொரித்தது முதல் தாயுடன் திரிவது குஞ்சு. தாயைப் பிரிந்து முட்டையிடும் பருவத்தை நெருங்கும் இளம்பெட்டை விடைக்கோழி. பேச்சு வழக்கில் இது வெடக்கோழி எனத் திரியும். முட்டையிடத் தொடங்கியது பெட்டைக்கோழி. முட்டையிட்டு முடித்து அடையில் அமர விரும்புவது அடைக்கோழி. ஒரே பறவை அடுத்தடுத்த நிலைகளில் பெறும் இப்பெயர்கள் அதன் சந்தை மதிப்பையும் உணர்த்துகின்றன. குழம்புக்கு விடைக்கோழியையும், வளர்ப்புக்கு ஒருமுறை குஞ்சு பொரித்துத் தேர்ந்த தாயையும் வாங்குவோர் நாடுவர்.

3. முட்டை சேர்த்தல்

நாட்டுக்கோழி ஓர் ஈற்றில் ஏறத்தாழ 12 முதல் 18 முட்டைகள் இடும். ஆண்டு முழுவதும் சேர்த்து 60 முதல் 80 முட்டைகள் கிடைக்கும். பண்ணையில் வளரும் வெள்ளை லெகார்ன் வழிவந்த கோழி 300 முட்டைகளுக்கு மேல் இடுவதோடு ஒப்பிட்டால் இது மிகக் குறைவு.

எட்டு முதல் பத்துப் பெட்டைகளுக்கு ஒரு சேவல் இருந்தால் கருவுற்ற முட்டைகள் கிடைக்கும். கோழி நாள்தோறும் ஒரே இடத்தில் முட்டையிட வேண்டும் என்பதற்காக ஒரு முட்டையை அங்கேயே விட்டுவைத்து மற்றவற்றை எடுப்பர். விடைக்கோழியின் முதல் முட்டைகள் சிறியவை என்பதால் அடைக்கு வைப்பதில்லை. மிகப் பெரியவை, ஓடு மெலிந்தவை, கீறல் விழுந்தவை ஆகியனவும் விலக்கப்படும்.

சேர்த்த முட்டைகளைப் பாதுகாக்கும் முறையில் நுட்பமான அறிவு உள்ளது. அரிசிப் பானையிலோ, தண்ணீர்ப் பானையின் அருகில் ஈரமணல் பரப்பிய சட்டியிலோ முட்டைகளை வைப்பர். ஏறத்தாழ 20 பாகை செல்சியசுக்குக் கீழே முட்டைக்குள் கருவளர்ச்சி முற்றிலும் நின்றிருக்கும். அதனினும் வெப்பம் உயர்ந்து, ஆயின் அடைவெப்பத்தை எட்டாத நிலையில், கரு அரைகுறையாக வளரத் தொடங்கி நலிந்து இறக்கும். தமிழகக் கோடையில் வீட்டு வெப்பமே இந்நிலையை உண்டாக்கப் போதுமானது. அக்கினி நட்சத்திர நாட்களில் சேர்த்த முட்டைகள் மிகுதியாகக் கெடுவதற்கும், அக்காலத்தில் அடைவைப்பதை வளர்ப்போர் தவிர்ப்பதற்கும் இதுவே காரணம். ஈரமணல் முட்டையைக் குளிர்விக்கிறது. பத்து நாட்களுக்கு மேற்பட்ட முட்டைகளை வைக்கலாகாது என்னும் வழக்கும் பொரிதிறன் நாளடைவில் குறைவதை அறிந்ததன் விளைவே. முட்டையை நீரில் இட்டுப் பார்த்தல் இதனைச் சார்ந்தது. நாட்பட்ட முட்டையில் ஈரம் வற்றிக் காற்றறை பெரிதாவதால் அது மிதக்கும். புதிய முட்டை கிடையாக அமிழும்.

4. அடைவைத்தல்

முட்டையிட்டு முடித்த கோழி கூட்டை விட்டு எழாமல் அமர்தலும், இறகைச் சிலிர்த்தலும், அருகில் செல்வோரைக் கொத்த முயலுதலும், இடைவிடாது தனித்த குரலெழுப்புதலும் அடைக்கு வந்தமையின் அறிகுறிகள். இக்குரலைக் கேறுதல் என்பர். கொங்கு வட்டாரத்தில் அடைவைத்தலை அவயத்துக்கு வைத்தல் எனவும் வழங்குவர்.

உடலியல் நோக்கில் இது புரோலாக்டின் என்னும் இயக்குநீர் மிகுவதால் நிகழும் மாற்றம். அது மிகும்போது முட்டையிடுதல் நிற்கிறது. வயிற்றுப்புற இறகுகள் உதிர்ந்து, இரத்த ஓட்டம் மிகுந்த தோல் வெளிப்படுகிறது. உடல் வெப்பம் முட்டைக்கு நேரடியாகச் செல்ல இது உதவும். முட்டையின் தொடுவுணர்வு புரோலாக்டினை மேலும் நிலைபெறச் செய்கிறது. ஆகவே முட்டையிடுதலும் அடைகாத்தலும் ஒன்றையொன்று விலக்கும் நிலைகளாகும். அடைகாக்கும் கோழி குறைவாக முட்டையிடுவது உடலியல் விதியேயன்றிக் குறைபாடன்று.

அடைவைக்கும் இடம் இருள் சார்ந்ததாகவும், ஆள் நடமாட்டம் குறைந்ததாகவும் இருக்க வேண்டும். அகன்ற மண்சட்டியிலோ மூங்கில் கூடையிலோ மணல் பரப்பி, அதன்மீது வைக்கோல் இட்டு, சிற்றுடல் கோழிக்குப் பத்து முதல் பன்னிரண்டு முட்டைகள் வைப்பர். உடலால் மூட முடியாத அளவு முட்டைகளை வைத்தால், ஓரத்து முட்டைகள் குளிரும். கோழி அவற்றை உள்ளே தள்ளி வேறு சிலவற்றை வெளியே ஒதுக்கும். முறைமாறிக் குளிர்ந்து இறுதியில் பலவும் கெடும். பேராசையால் கூட்டி வைத்த முட்டை ஒரு சிலவற்றை மட்டும் கெடுப்பதில்லை என்பதே இதன் உட்பொருள்.

பொழுது சாய்ந்தபின் கோழியை அமர்த்துவது வழக்கம். இருளில் கோழி புதிய இடத்தை ஏற்று அமைதியாக அமரும். முட்டைகளுடன் இரும்புத் துண்டு, அடுப்புக்கரி, மிளகாய் வற்றல் ஆகியவற்றை இடுவதும் உண்டு. இடியோசையால் முட்டை கெடாது, கண்ணேறு படாது என்னும் நம்பிக்கை இதன் அடிப்படை. கூட்டைச் சுற்றிச் சாம்பல் தூவுதல் பேன், செள் ஆகியவற்றைக் குறைக்கும் பயனுடையது. நம்பிக்கை சார்ந்த செயலும் பயன் சார்ந்த செயலும் ஒரே கூட்டில் அருகருகே இருப்பதை ஆய்வாளர் பிரித்தறிய வேண்டும்.

கோழி நாளுக்கு ஒருமுறை மட்டும் இரை தேடி எழும். ஒரு நாளில் பலமுறை முட்டைகளை அலகால் புரட்டும். கரு ஓட்டின் உட்சவ்வுடன் ஒட்டிவிடாமல் காப்பது இப்புரட்டலே. பொரிப்பகக் கருவிகளில் 37.5 பாகை செல்சியசு வெப்பமும், ஈரப்பதமும், குறித்த இடைவெளியில் முட்டையைத் திருப்பும் அமைப்பும், 18ஆம் நாளில் திருப்புதலை நிறுத்தும் முறையும் இக்கோழியின் செயல்களைப் போலச் செய்தவையே.

ஏழாம் நாளளவில் முட்டையை ஒளிக்கு எதிரே பிடித்துப் பார்ப்பர். முன்னர்க் கதவிடுக்கில் விழும் வெயிலும், இன்று கைவிளக்கும் இதற்குப் பயன்படுகின்றன. சிலந்தி வலை போல் இரத்தக் குழாய்கள் தெரிந்தால் கரு வளர்கிறது. தெளிவாகத் தெரிவது கருவுறாதது. பொரிக்காமல் கெட்டவை கூமுட்டை எனப்படும். அறிவற்றவனைக் கூமுட்டை என ஏசும் வழக்கு இத்தொழிலிலிருந்து பொதுவழக்கிற்கு வந்தது. வெளித்தோற்றத்தில் மற்ற முட்டைகளைப் போன்றே இருந்து, 21 நாட்கள் காத்தபின்னும் ஒன்றும் தராதது என்னும் ஏமாற்றம் அவ்வசையில் அடங்கியுள்ளது.

பதினைந்து நாட்களில் தனித்தனியே இடப்பட்ட முட்டைகள் 21ஆம் நாள் ஒருசேரப் பொரிவதும், முதலில் பொரிந்த குஞ்சு மற்றவற்றுக்காகக் காத்திருக்க இயல்வதும் ஒரே ஒழுங்கின் இரு கூறுகள். முன்னதற்கு அடைவெப்பம் கிடைக்கும்வரை கரு உறங்கியிருத்தல் காரணம். பின்னதற்குக் குஞ்சின் வயிற்றுக்குள் எஞ்சியிருக்கும் மஞ்சள் கரு காரணம். அதனால் இரண்டு நாட்கள் வரை இரையின்றிக் குஞ்சு வாழும். பண்ணைத் தொழில் ஒருநாள் குஞ்சுகளை அட்டைப்பெட்டியில் அடைத்துத் தொலைவிடங்களுக்கு அனுப்புவதும் இவ்வியல்பை நம்பியே ஆகும்.

முட்டை மட்டுமே தேவைப்படும் காலத்தில் அடையைத் தெளியவைப்பதும் உண்டு. கோழியை நீரில் நனைத்தல், மூக்குத் துளையில் இறகைச் செருகுதல், கூட்டுக்கு மீளவிடாமல் கவிழ்த்து வைத்தல் ஆகியன கையாளப்படும் முறைகள். வயிற்றுப்புறம் குளிர்வதும் கூட்டின் தொடர்பு அறுபடுவதும் புரோலாக்டின் குறைய வழிசெய்யும். மூக்கில் இறகு செருகுதல் பறவையை வருத்துவதால், காற்றோட்டமான கூண்டில் சில நாட்கள் தனித்து வைப்பதே தக்கது.

5. குஞ்சு பேணுதல்

இத்தொழிலின் இழப்பு பெரும்பாலும் பொரித்த பின்னரே நிகழ்கிறது. பருந்து, காகம், கீரி, பூனை, நாய், பாம்பு ஆகியவை முதல் ஆறு வாரங்களில் குஞ்சுகளைக் குறைக்கும். மூங்கில் சிம்புகளால் பின்னிய பஞ்சாரம் இதற்கான காப்பு. கொங்குப் பகுதியில் இது கொடாப்பு எனப்படும். பகலில் தாயைப் பஞ்சாரத்திற்குள் அடைத்துக் குஞ்சுகளை வெளியே மேயவிடுவதும் உண்டு. சிம்புகளின் இடைவெளி குஞ்சு நுழையும் அளவினது. தாய் வெளிவர இயலாதது. ஆபத்து வந்தால் தாய் எழுப்பும் ஒலி கேட்டுக் குஞ்சுகள் உள்ளே ஓடிவிடும். தாய் தொலைவு செல்லாமையால் குஞ்சுகள் அலைந்து களைப்பதும் இல்லை.

குஞ்சுகளுக்கு முதல் வாரத்தில் ஏறத்தாழ 35 பாகை வெப்பம் தேவை. பின் வாரந்தோறும் இத்தேவை குறைந்துவரும். தாயின் இறகடியே அவ்வெப்பத்தைத் தருகிறது. தொடக்கத்தில் நொய்யரிசி, கம்பு, கேழ்வரகு ஆகியவை இரையாகும். புரதத்திற்குக் கரையான் சிறந்த துணை. பழைய பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம் முதலியவற்றை இட்டு நீர் தெளித்து, புற்றருகே மாலையில் கவிழ்த்து வைத்தால் மறுநாள் காலையில் கரையான் திரண்டிருக்கும். செலவின்றிக் கிடைக்கும் இவ்விரையைப் பரிந்துரைக்கும் வேளாண் விரிவாக்க ஏடுகள், மக்களிடம் இருந்த அறிவையே மீண்டும் மக்களுக்குச் சொல்கின்றன.

ஒரே நாளில் இரண்டு, மூன்று கோழிகளை அடைவைத்து, பொரித்த குஞ்சுகள் அனைத்தையும் இரவில் ஒரே தாயிடம் சேர்ப்பது மற்றொரு நுட்பம். குஞ்சிழந்த கோழிகள் விரைவில் அடை தெளிந்து மீண்டும் முட்டையிடும். வளர்ந்த குஞ்சுகளைத் தாயே கொத்திப் பிரிக்கும் வரை காத்திருந்தால் ஒரு சுற்று நீளும். முட்டையிட மூன்று வாரம், அடைகாக்க மூன்று வாரம், குஞ்சு பேண எட்டு முதல் பத்து வாரம், மீண்டும் தேற ஓரிரு வாரம் எனக் கணக்கிட்டால் ஆண்டுக்கு மூன்று சுற்றுகளே இயலும். இரண்டு, மூன்று வாரங்களில் குஞ்சுகளைப் பிரித்து விளக்கு வெப்பத்தில் வளர்த்தால் சுற்றுகள் ஐந்து வரை உயரலாம். கோழியின் இனத்தை மாற்றாமலேயே குஞ்சுகளின் எண்ணிக்கையைக் கூட்டும் இவ்வழி போதிய கவனம் பெறவில்லை.

நோய்களுள் கொடியது வெள்ளைக்கழிச்சல். 1926ஆம் ஆண்டு இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் கண்டறியப்பட்டமையால் நியூகாசில் நோய் எனவும், 1920களின் பிற்பகுதியில் இந்தியாவில் இராணிக்கேட் என்னும் ஊரில் அறியப்பட்டமையால் இராணிக்கேட் நோய் எனவும் அது பெயர் பெற்றது. மக்கள் வழக்கு அதனை ஊர்ப்பெயரால் அழைக்காமல் அறிகுறியால் அழைக்கிறது. இது நச்சுயிரி நோய். தாக்கியபின் தீர்க்கும் மருந்து இல்லை. முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ இடும் சொட்டு மருந்தும், எட்டு வாரத்தில் இடும் ஊசியுமே காப்பு. தமிழகக் கால்நடை பராமரிப்புத் துறை பிப்ரவரி மாதத்தில் இருவாரத் தடுப்பூசி முகாம்களை நடத்துகிறது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் இரையோடு கொடுக்கத்தக்க குருணை வடிவத் தடுப்பு மருந்தையும் உருவாக்கியுள்ளது. ஊசியிட ஆளும் குளிர்பதன வசதியும் இல்லாத சிற்றூர்களில் ஐந்து கோழி வைத்திருப்பவருக்கு இவ்வடிவமே எட்டக்கூடியது. அம்மைக் கொப்புளங்களுக்கு மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துத் தடவும் கைவைத்தியம் புண்ணை ஆற்ற உதவலாம். கழிச்சலைத் தடுக்க அது போதாது. ஓர் இரவில் கூடு முழுவதும் வெறுமையாகும் அனுபவமே பலரை இத்தொழிலைக் கைவிடச் செய்கிறது.

6. விற்பனையும் பெண்களின் கைப்பணமும்

புறக்கடைக் கோழியின் விற்பனைக்கு மூன்று வழிகள் உள்ளன: அண்டை வீட்டார் நேரில் வாங்குதல், வண்டியில் கூண்டுடன் ஊர்தோறும் வரும் வியாபாரியிடம் கொடுத்தல், வாரச் சந்தைக்குக் கொண்டுசெல்லுதல். திண்டுக்கல் மாவட்டம் அய்யலூரில் வியாழக்கிழமை கூடும் சந்தை ஆட்டுக்கும் நாட்டுக்கோழிக்கும் பெயர் பெற்றது. சண்டைச் சேவல்களும் அங்கு விலைபோகும்.

விலை பருவத்தைப் பொறுத்தது. ஆடி மாதக் கோயில் விழாக்களும் தீபாவளியும் தேவையை உயர்த்தும். புரட்டாசியிலும், கார்த்திகை, மார்கழியில் ஐயப்பனுக்கு மாலையணியும் நாட்களிலும் விலை இறங்கும். குஞ்சு விற்கும் எடையை அடைய ஐந்து, ஆறு மாதங்கள் ஆகும் என்பதால், தை, மாசியில் பொரித்த குஞ்சே ஆடிச் சந்தைக்கு உரியது. அனுபவமிக்க வளர்ப்போர் இக்கணக்கை எழுதிவைக்காமலேயே பின்பற்றுகின்றனர்.

அளவை முறையும் விற்பவரின் வருவாயை முடிவு செய்கிறது. வீட்டில் உருப்படிக்கு இவ்வளவு எனப் பேசி விற்பது பழைய முறை. உயிரெடைக்கு விற்பது பிந்தையது. கண்மதிப்பில் தேர்ந்தவர் வியாபாரி என்பதால் உருப்படிக் கணக்கு பெரும்பாலும் அவருக்கே ஆதாயமாகும். வேண்டுதல் கோழிக்கோ எடை பொருட்டன்று. நிறமும் ஊனமின்மையும் பொருட்டாகும். கருப்பசாமிக்கோ முனியப்பனுக்கோ நேர்ந்த சேவலுக்கு வாங்குபவர் பேரம் பேசத் தயங்குவர். எந்தக் கோழியை யாருக்கு, எந்த அளவையில் விற்பது என்னும் தேர்வே இத்தொழிலின் வணிக அறிவு.

கோழி விற்ற பணம் பல குடும்பங்களில் பெண்ணின் கைப்பணமாகும். மாடு விற்ற பணம் குடும்பக் கணக்கில் சேரும். கோழி விற்ற பணம் பிள்ளையின் நோட்டுப் புத்தகத்திற்கும் மருந்திற்கும் மொய்க்கும் செலவாகும். கோழி இல்லாதவர் மற்றொருவரின் கோழியை வாரத்திற்குப் பெற்று வளர்த்து, குஞ்சுகளைப் பங்கிட்டுக்கொள்ளும் வழக்கமும் உண்டு. கையில் காசின்றியே ஒரு பெண் தொழில் தொடங்க இயல்வதற்கு இவ்வாரமுறை காரணம். வாரமுறை இயங்க வேண்டுமாயின் கோழி தானே குஞ்சு பொரிக்க வேண்டும் என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது.

7. மேம்படுத்தப்பட்ட இனங்களும் அடைகாக்கும் இயல்பும்

ஐதராபாத்தில் உருவான வனராஜா, கிராமப்பிரியா, பெங்களூரில் உருவான கிரிராஜா முதலிய இனங்கள் புறக்கடை வளர்ப்பிற்கெனப் பரப்பப்பட்டன. இவை நாட்டுக்கோழியைவிட மிகுதியாக முட்டையிடும் அல்லது விரைந்து எடை கூடும். உணவுப் பாதுகாப்பு நோக்கில் இவற்றின் பயன் மறுக்கத்தக்கதன்று. முட்டை மட்டுமே நோக்கமெனில் நாட்டுக்கோழி இவற்றோடு போட்டியிட இயலாது.

ஆயினும் முட்டைக்காகத் தெரிவு செய்யப்படும் இனங்களில் அடைகாக்கும் இயல்பு குன்றிவிடுகிறது. ஒரு பெண் 20 குஞ்சுகளைப் பெற்று வளர்க்கிறார் எனக் கொள்வோம். முட்டைகள் கிடைக்கும், கறிக்கும் விற்கலாம். ஈராண்டில் கோழிகள் முதிர்ந்தபின் அடுத்த தலைமுறைக்கு அவர் பொரிப்பகத்தை நாட வேண்டும். குஞ்சுக்கு விலை, அதனைக் கொணர வழி, தீவனம் ஆகியன புதிய செலவுகளாகும். முன்னர்த் தன் கூட்டிலிருந்தே தொழிலைப் புதுப்பித்தவர் இப்போது குஞ்சு வாங்குபவராகிறார். கலப்பினச் சேவல் ஊரில் திரிவதால் அண்டை வீட்டு நாட்டுக்கோழிகளின் வழித்தோன்றல்களிலும் அடையியல்பு நலியக்கூடும். விதைநெல்லைச் சேமித்த உழவர் விதை வாங்குபவராக மாறியதோடு இது ஒப்பிடத்தக்கது.

தமிழ்நாடு அரசு ஊரகப் பெண்களுக்கு அசில் இன நாட்டுக்கோழிக் குஞ்சுகளை வழங்கிய திட்டம் நாட்டினத்தை முன்னிறுத்திய வகையில் வேறுபட்டது. எனினும் குஞ்சுகள் தாயின்றி வழங்கப்படும்போது முதல் வாரங்களின் வெப்பமும் காவலும் வளர்ப்பவரின் பொறுப்பாகின்றன. அடைக்கோழி ஒன்று வீட்டில் இருந்தால் அப்பொறுப்பை அது ஏற்கும். குஞ்சுகளோடு தேர்ந்த சிறுவிடைத் தாய்க்கோழியையும் வழங்குவது குறித்துத் திட்டமிடுவோர் எண்ணலாம்.

முடிவுரை

புறக்கடைக் கோழி வளர்ப்பின் முட்டை சேர்த்தல், பொரித்தல், பேணுதல், விற்றல் ஆகிய நிலைகள் அனைத்தும் அடைகாக்கும் இயல்பைச் சுற்றியே அமைந்துள்ளன. ஆண்டுக்கு 60 முட்டை என்னும் குறைந்த எண்ணிக்கை, கோழி பொரிப்பகமாகவும் செவிலியாகவும் பணியாற்றும் காலத்திற்கான ஈடாகும். அக்காலத்தைக் கணக்கில் கொள்ளாமல் நாட்டுக்கோழியை மதிப்பிடுவது முறையாகாது.

அளகு என்னும் தனிப்பெயரைப் பேணிய மொழியில் கேறுதல், அவயம், கொடாப்பு, கூமுட்டை முதலிய சொற்கள் இன்றும் வழங்குகின்றன. இவற்றுள் கூமுட்டை வசைச்சொல்லாக நகரங்களிலும் நிலைத்துவிட்டது. கேறுதலும் அவயமும் அடைக்கோழி உள்ள வீடுகளில் மட்டுமே பொருளுடையன. அடையில் அமரும் கோழி மறையும் ஊரில் அச்சொற்களும், அவற்றோடு இணைந்த காலக்கணக்கும் கைத்திறனும் மறையும். எனவே வட்டாரந்தோறும் இச்சொற்களைத் தொகுப்பதும், அடையியல்பு மிகுந்த சிறுவிடைக் கோழிகளை இனந்தூய்மையுடன் காப்பதும் ஒருங்கே மேற்கொள்ளத்தக்க பணிகளாகும். மொழியியலாளரும் கால்நடை அறிவியலாளரும் இணைந்து செயற்படுவதற்கு இத்துறை இடமளிக்கிறது.